மோந்து பார்க்கக் கொடுத்த தோல்

மேல்தோலை மட்டும் துருவணும், வெள்ளையைத் தொட்டுரக் கூடாது, தொட்டா கசந்துரும் என்று அந்த வீடியோப் பெண் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் விவரமாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்ட ஆவுடையப்பன் முதல் ஆரஞ்சிலேயே வெள்ளை வரைக்கும் இறங்கிவிட்டான். இஞ்சி துருவுகிற துருவி அது, அதற்கு என்ன நிதானம் தெரியும், பழி அதன் மேல் போகட்டும். பழியை எங்கேயாவது இறக்கி வைத்துவிட்டு நகர்வதில் இவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதை அவனே ஒப்புக்கொள்வான், அடுப்படியில் தனியாக நிற்கும்போது மட்டும். சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி. மாசி மாதம்தான், ஆனாலும் பாளையங்கோட்டை வெயில் அதற்குள் ஜன்னல் வழியாக வந்து சமையல் மேடையில் உட்கார்ந்துவிட்டது. மனைவி செண்பகமும் மகள் தாரிணியும் தையல்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், பிறந்தநாள் சட்டைக்கு இடுப்பு லூசாம். பிள்ளைக்குப் பதிமூன்று முடிகிறது. கேக் வேண்டாமாம், முட்டை போடாத கேக் ரப்பர் மாதிரி இருக்குதாம், சைவ வீட்டில் வந்து பிறந்ததற்குப் பாவம் அது படுகிற பாடு. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற போனை நீட்டி, "இதுக்கு ஓவனும் வேண்டாம், முட்டையும் வேண்டாம்ப்பா, வெறும் உருட்டுற வேலைதான்" என்றாள். ஆரஞ்சு சாக்லேட் டிரஃபிள். நம் பாஷையில் சாக்லேட் உருண்டை. அப்பா பண்ணித் தாரேன் என்று இவனும் வாயைக் கொடுத்துவிட்டான். அதோடு விட்டாளா? செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று திரும்பி, "அத்தைக்கு மட்டும் எலுமிச்சை போட்டுத் தனியா பண்ணிருங்க. அத்தைதான் ஆரஞ்சு திங்க மாட்டாங்கள்லா" என்றாள். ஆமா, திங்க மாட்டாள். அத்தை ஏன் ஆரஞ்சு திங்க மாட்டாள் என்பது பிள்ளைக்குத் தெரிந்தது பாதி, செண்பகத்துக்குத் தெரிந்தது முக்கால், முழுசும் தெரிந்தவன் துருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். காந்திமதி தூத்துக்குடியிலிருந்து நாலு மணிக்கு வந்துவிடுவாள்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். போன பொங்கலுக்கும் இப்படித்தான் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தான், அதற்கு முந்தின தீபாவளிக்கும். சொல்லுவதற்கு ஒன்றும் ராமாயணம் இல்லை, மூன்று வார்த்தை, அப்பா ஆரஞ்சு திங்கல. அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தையைச் சொல்லாததால் அவன் தங்கச்சி ரெண்டு வருஷமாக, பெத்த அப்பாவைக் கொன்றது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்ன, கயாவில் போய் எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லியே விட்டாளே. அங்கே அப்பாவுக்குப் பிண்டம் போட்டு முடித்ததும் அந்தப் பெரிய ஆலமரத்தடியில் பண்டா என்கிற அந்த ஊர்ப் புரோகிதர் உட்கார்த்தி வைத்து, ஆளுக்கு ஒரு காய், ஒரு பழம் விடணும், விட்டதை அப்புறம் ஆயுசுக்கும் தொடக் கூடாது, பிடிச்சதா பாத்து விடுங்க என்று கொச்சைத் தமிழில் சொன்னார். பிடிச்சதையாவது விடுறதாவது. இவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மதுரைக்காரர் பாகற்காயை விட்டார், அவர் மனைவி அதைக் கேட்டுச் சிரித்தாள். ஆவுடையப்பன் முறை வந்தது. நாக்கு நுனியில் ஆரஞ்சு வந்து நின்றது, சத்தியமாக வந்து நின்றது. சொன்னால் ஏன் அது என்று காந்தி திரும்பிப் பார்ப்பாள், பார்த்தால் கேட்பாள், கேட்டால்? காய் சுரைக்காய், பழம் பேரிக்காய் என்றான். பேரிக்காயை அவன் வாழ்நாளில் நாலு தடவை தின்றிருந்தால் அதிசயம். பக்கத்தில் காந்தி தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டு, "கமலா ஆரஞ்சு" என்றாள், சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். செண்பகம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இவன் அந்த மரத்தின் விழுதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான், விழுதை எண்ணப் போகிறவன் மாதிரி.

ஐயோ, கிரீம். அடுப்பில் வைத்ததை மறந்தே போனான், ஓரத்தில் முத்து முத்தாகக் கொப்புளம் வந்ததும் இறக்கிவிட வேண்டும், பொங்க விடக் கூடாது. இறக்கினான். பொடியாக நறுக்கி வைத்த டார்க் சாக்லேட் இரண்டு கிண்ணத்தில் பாதி பாதி இருக்கிறது, கிரீமையும் பாதி பாதி ஊற்றினான். ஊற்றிவிட்டு ஐந்து நிமிஷம் தொடாமல் இருக்கணும், கிண்டிரக் கூடாது, அது தானாக இளகும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். சும்மா இருப்பது மாதிரி ஒரு கஷ்டமான வேலை உண்டா. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அப்பா வந்துவிடுகிறார். அப்பா கடைசி மூன்று வருஷமும் இப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு உள்ரூம் கட்டிலில் இருந்தார், செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், மற்ற நாளெல்லாம் தாகம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், ரசம் மோர் காப்பி எல்லாம் அதற்குள் அடக்கம். பொட்டாசியம் என்கிற வார்த்தை ஏதோ சொந்தக்காரன் பேர் மாதிரி வீட்டில் புழங்கியது, அது ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடுமாம். வாழைப்பழத்தில் பொட்டாசியம், இளநியில் பொட்டாசியம், உருளைக்கிழங்கைக்கூட ரெண்டு தண்ணியில் ஊறப்போட்டுப் பிழிந்து அதன் உயிரை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இந்த சாக்லேட்டிலும் உண்டு, ஆரஞ்சிலும் உண்டு. அப்பாவுக்குக் கூடாது கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இருந்ததையெல்லாம் இந்த இரண்டு கிண்ணத்தில் ஒன்றாகப் போட்டிருக்கிறேன் என்று தோன்றியதும் ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. கிண்டலாமா? இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கிறது. அந்தத் தாளை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் எந்த டாக்டரிடமும் அவன் கேட்டதில்லை, ரெண்டு சுளை, எப்பவாவது ஒருநாள், ரெண்டே ரெண்டு சுளை கொடுக்கலாமா என்று. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை, கொடுத்திருக்கலாமே என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

கிண்டினான். முதலில் திரிந்துபோன பால் மாதிரி திட்டுத் திட்டாக இருந்து, அடடா கெட்டுப்போச்சே என்று நினைக்கும்போதே கறுப்பாகப் பளபளவென்று கூடி வந்தது. ஒரு கிண்ணத்தில் ஆரஞ்சுத் துருவலையும் மற்றதில் எலுமிச்சைத் துருவலையும் போட்டான். பேர் வெட்டின கிண்ணத்தில் ஆரஞ்சு, வெட்டாத கிண்ணத்தில் எலுமிச்சை, மாறிப் போகாமல் இருக்க அது ஒரு யோசனை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குச் செய்த கிண்ணம், 'மீ.சுந்தரம்' என்று விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், கை பட்டுப் பட்டு மீ மட்டும் தேய்ந்துபோனது. இரண்டையும் ஃபிரிட்ஜில் தள்ளிக் கதவைச் சாத்தினான். இரண்டு மணி நேரம். மிச்சம் கிடந்தது பாதித் தோல் போன இரண்டு ஆரஞ்சும் அந்த வாசமும். தோலைத் துருவினால் போதும், பழத்தை என்ன செய்ய என்று வீடியோவில் சொல்லவில்லை, தின்ன வேண்டியதுதானே என்று விட்டிருப்பாள். தின்ன வேண்டியதுதானே. அன்றைக்கும் இப்படித்தான், பாத்திரம் கழுவுகிற இந்தத் தொட்டிப் பக்கம், இதே இடத்தில். காந்தி தூத்துக்குடியிலிருந்து வந்துவிட்டுப் போனாள், வலைப்பையில் ஆறு கமலா ஆரஞ்சு, தாரிணிக்கு. "அப்பா கண்ணுல படாம வைண்ணே, பட்டா கேப்பாரு" என்று அவள்தான் எச்சரித்தாள், அரிசி டப்பாவுக்குள் அவள்தான் வைத்தாள். ஆனால் மூக்கை என்ன செய்வது? மறுநாள் வியாழக்கிழமை, டயாலிசிஸுக்கு முந்தின நாள், அப்பாவுக்கு நாக்கு அட்டையாகக் காய்ந்துபோகிற நாள். "ஆவுடை, வீட்டுல ஆரஞ்சு இருக்கா?" "ஆரஞ்சா? ஏதுப்பா ஆரஞ்சு?" "இல்ல, மணக்குது." "பக்கத்து வீட்டுல உரிச்சிருப்பாங்க." "ரெண்டு சுளை போதும்லே. முழுங்க மாட்டேன், சப்பிட்டுத் துப்பிருதேன்." "சும்மா இருங்கப்பா, வீட்டுல இல்லாததுக்கு எங்க போக?" அதட்டித்தான் சொன்னான். அதட்டிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்து, அரிசி டப்பாவைத் திறந்து, தொட்டிப் பக்கம் நின்று, ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றான். பசியா, கிடையாது. ஆசையா, அதுவும் கிடையாது, அவனுக்கு ஆரஞ்சு பெரிசாகப் பிடிக்கவும் பிடிக்காது. மூன்று வருஷமாக அளந்து அளந்து, தண்ணீர் அளந்து, மூத்திரம் அளந்து, மாத்திரை எண்ணி, ஒரு சினிமா கிடையாது, ஒரு ஊர் கிடையாது, ஏதாவது ஒன்றை அளக்காமல் வாய்க்குள் போட வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். சாறு முழங்கை வரைக்கும் ஓடியது. ஒன்றோடு நிறுத்தவும் இல்லை பாவி, இரண்டாவதையும் உரித்தான். உள்ளே அப்பா இருமுகிற சத்தம் கேட்டது, இருமக் கேட்டும் மென்றுகொண்டிருந்தான்.

கையைக் கழுவாமலா போனான்? கழுவினான், சோப்புப் போட்டு இரண்டு தடவை. ஆரஞ்சு வாசம் சோப்புக்கு மசிகிற வாசமா? மாலை மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினான், அப்பா மாத்திரையை எடுக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பும் ஊசித் தழும்புமான அந்தக் கையால் இவன் கையைப் பிடித்து மூக்குப் பக்கம் கொண்டுபோய் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். "கை மணக்குதே ஆவுடை." கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. நீயெல்லாம் ஒரு பிள்ளையாலே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தத் துருவியும் வேண்டாம் இந்தப் பாடும் வேண்டாம். "தாரிணிக்கு உரிச்சுக் குடுத்தேன்ப்பா" என்றான். பிள்ளை அன்றைக்கு வீட்டிலேயே இல்லை, ஸ்கூலில் இருந்து நேரே டியூசன் போயிருந்தது, அப்பாவுக்கு அது தெரியும், பிள்ளை வருகிற நேரம் போகிற நேரம்தான் அவருக்குக் கடிகாரம். "அப்பம் தோலு இருக்கும்லா" என்றார். "தோலைக் குடு, மோந்து பாக்குதேன். தோலை மோந்தா ஒண்ணும் செய்யாதுல்லா?" குப்பைக் கூடையிலிருந்து, ஆமாம், குப்பைக் கூடையிலிருந்துதான், ஒரு துண்டுத் தோலை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் அதை மடக்கிப் பிதுக்கினார், கண்ணை மூடிக்கொண்டார், நல்ல வாசம் என்றார். மறுநாள் விடியும்போது அப்பா இல்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுபோனது, இந்த நோய்க்கு எப்பவும் எதுவும் நடக்கலாம் என்றார்கள், சாயங்காலம் சாம்பலானார். இதெல்லாம் நடக்கிறதுதான், நடக்காதது அடுத்தது. காலையில் அலறி அடித்துக்கொண்டு வந்த காந்தி, குளிப்பாட்ட அப்பாவைத் தூக்கினபோது தலையணையை எடுத்தாள். அடியில் தோல். காய்ந்து சுருண்டு, ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல். ஓடிப்போய் அரிசி டப்பாவைத் திறந்தாள், ஆறில் நாலுதான் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வாங்கிட்டு வந்ததைத் தின்னுட்டாரு, நாந்தான் கொன்னுட்டேன், எங்க அப்பாவை நாந்தான் கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வாசல் நிறைய ஆள், சங்கு ஊதுகிறான், பாடைக்குப் பச்சைமட்டை வந்தாச்சா என்று எவனோ கத்துகிறான். ஆவுடையப்பன் வாயைத் திறந்தான், வாயைத் திறந்து, "அழாத காந்தி" என்றான். அழாத காந்தியாம். அப்போது சொல்ல முடியவில்லை, சரி, அத்தனை பேர். பத்தாம் நாள் சொல்லியிருக்கலாம், பதினாறாம் நாள் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தள்ளினது ஒரு மாதம் ஆகிறது, அப்புறம் அதைச் சொல்வதற்கு முன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்வது முதலில் சொல்ல வேண்டியதைவிடப் பெரிசாக இருக்கிறது.

மூன்றேகாலுக்கு ஃபிரிட்ஜைத் திறந்தான். இறுகியிருந்தது, விரல் வைத்தால் மெல்லப் பள்ளம் விழுகிற பதம். இரண்டு கிண்ணத்தையும் மேடையில் வைத்துப் பேர் வெட்டினதைத் தேடினான். இந்தா இருக்கிறது, மீ தேய்ந்துபோன சுந்தரம். நல்லது. இது ஆரஞ்சு. இன்னொன்றைச் சும்மா நகர்த்தி வைக்கத் தூக்கினான், அடியில் விரலுக்குச் சொரசொரவென்று பட்டது, திருப்பிப் பார்த்தால் அதிலும் மீ.சுந்தரம். விளிம்பில் இல்லை, அடிவட்டத்தில், பளிச்சென்று, தேதியோடு. அடப்பாவி! அறுபதாம் கல்யாணத்துக்கு ஐம்பது கிண்ணம் செய்து எல்லாவற்றிலும்தான் பேர் வெட்டினார்கள், பாதியை வெட்டினவன் ஒருவன், மிச்சத்தை இன்னொருவன். ஒரு மணிக்குப் 'பேர் வெட்டினது' என்று எதைப் பார்த்தான், எந்தப் பேரைப் பார்த்தான்? அடியைப் பார்த்தானா, விளிம்பைப் பார்த்தானா, பார்க்கவே இல்லாமல் மனசுக்குள்ளேயே முடிவு கட்டிக்கொண்டானா? கிரீம் ஊற்றும்போது அப்பாவை நினைத்துக்கொண்டு நின்றால் இப்படித்தான். மோந்து பார்த்தான். இரண்டும் ஆரஞ்சு. கையெல்லாம் ஆரஞ்சு, துண்டு ஆரஞ்சு, மூக்குக்குள்ளேயே ஆரஞ்சு, இந்த மூக்கை வைத்துக்கொண்டு என்னத்தைக் கண்டுபிடிக்க. நிறத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு. சரி, முதலில் உருட்டுவோம் என்று உருட்ட ஆரம்பித்தான், உருட்டுகிறபோது யோசனை வரும். ஐஸ் தண்ணீரில் கையை முக்கித் துடைத்துக்கொண்டு, கரண்டியால் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து உருட்டினான். கறுப்பு உருண்டை. தட்டில் வரிசையாக, ஒன்று, இரண்டு, மூன்று. கயாவில் இந்தக் கையால்தான் உருட்டினான், எள்ளும் மாவுமாக, இது அப்பாவுக்கு, இது தாத்தாவுக்கு, இது பேர் தெரியாமல் போனவர்களுக்கு என்று. சே, பிள்ளை பிறந்தநாள் அதுவுமாக என்ன நினைப்பு இது. உள்ளங்கைச் சூட்டில் உருண்டை பிசுபிசுத்து ஒட்டியது, மறுபடியும் ஐஸ் தண்ணீர், மறுபடியும் துடைப்பு. கோகோ பவுடரில் போட்டுப் புரட்டினதும் இடது தட்டும் வலது தட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. செண்பகம் போன் பண்ணினாள், வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், தையல்காரர் சாப்பிடப் போயிட்டாரு, உருண்டை நல்லா வந்துச்சா? நல்லா வந்துச்சு என்றான்.

எதைக் காந்திக்குக் கொடுப்பது? கொடுக்காமலே விடலாம், உனக்குப் பண்ண நேரமில்லட்டி என்று சொல்லலாம், தாரிணி வந்து அத்தை இதைத் தின்னீங்களா என்று கேட்பாள். ஏதோ ஒரு தட்டை நீட்டி இதுதான் எலுமிச்சை என்று சொல்லிவிடலாம், பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். தப்பாக இருந்தால்தான் என்ன, சாக்லேட்டுக்குள் கிடக்கிற ஒரு சிட்டிகைத் துருவல், அவளுக்குத் தெரியவா போகிறது? எலுமிச்சை என்று நினைத்துத்தானே தின்பாள், தெரியாமல் தின்றால் விரதம் முறியுமா? அண்ணன் சொன்னான், தின்றாள். அண்ணன் சொல்லவில்லை, அழுதாள். அண்ணன் சொன்னதை வைத்தும் சொல்லாததை வைத்தும்தானே அவள் இருக்கிறாள். இந்த இடத்துக்கு வந்ததும் ஆவுடையப்பனுக்குத் தன்னைப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. செய்யாத தப்புக்கு ஒருத்தி ஆயுசுக்கும் ஒரு பழத்தை விட்டிருக்கிறாள், அந்த ஒன்றையும் ஒரு சாக்லேட்டுக்குள் வைத்து முறிக்கப் பார்க்கிறானே, இவனையெல்லாம் என்ன செய்யலாம். இடது தட்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். முதலில் கோகோவின் வறட்சி, அப்புறம் இளகி இளகி நாக்கு முழுக்க இனிப்பு, ஒரு கணம் ஒன்றுமே தெரியவில்லை, எலுமிச்சைதான் போலிருக்கிறது என்று மூச்சு விடும்போது அந்த மூச்சிலேயே வந்துவிட்டது ஆரஞ்சு. கடைசியில் கசப்பு, அந்த வெள்ளைத்தோல் கசப்பு. ரெண்டு வருஷமாக அவன் வாயில் ஆரஞ்சு பட்டதில்லை, விட்டதாக யாரிடமும் சொல்லவில்லை, தொடவும் இல்லை. தொட்டிப் பக்கமே நின்றுகொண்டிருந்தான். துப்பிவிடலாமா என்று குனிந்தவனுக்குச் சப்பிட்டுத் துப்பிருதேன் என்று அப்பா கேட்டது ஞாபகம் வந்தது, அதைத்தானே கேட்டார், முழுங்கக்கூட மாட்டேன் என்றாரே. முழுங்கினான். இடது தட்டில் ஒரு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி அடையாளத்துக்கு வைத்தான். அழைப்பு மணி அடித்தது.

காந்தி வேர்த்து விறுவிறுத்து வந்தாள், ஒரு கையில் பை, ஒரு கையில் வாழை இலையில் சுற்றின மல்லிப்பூ. "என்ன வெயிலு, பஸ்ஸுல உக்கார இடமில்ல, வல்லநாடு வரைக்கும் நின்னுட்டே வந்தேன். எங்க என் மருமவ? எங்க மைனி?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்கு வந்து பானையில் தண்ணீர் மொண்டாள். பிறந்த வீட்டு அடுப்படியில் அவளுக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. தட்டுகளைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணே, நீயா உருட்டுன? ஒண்ணு மாங்கா மாதிரி இருக்கு, ஒண்ணு கோலி மாதிரி இருக்கு." பூவை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி அவன் கையில் கொடுத்தவள், அவன் கை பட்ட தன் கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். "கை மணக்குதே" என்றாள். சொன்னதும் முகம் சின்னதாகச் சுருங்கியது, அரையடி பின்னால் நகர்ந்து, அதை மறைக்க மறுபடியும் சிரித்தாள். "தள்ளி நில்லு, எனக்கு ஆவாது." அதே வார்த்தை. கை மணக்குதே என்று அப்பா தெரிந்துதான் சொன்னார், இவள் தெரியாமலே சொல்கிறாள். அப்புறம் சொல்லலாம், காப்பி குடிக்கட்டும், பிள்ளை வரட்டும், கேக்கு மாதிரி இதை அடுக்கி மெழுகுவர்த்தி ஏற்றட்டும், நாளைக்குக் காலையில் பஸ் ஏற்றும்போது சொல்லலாம் என்று மனசு வழக்கம்போலக் கடகடவென்று தேதி குறித்தது. வாய் அதைக் கேட்கவில்லை.

"அப்பா ஆரஞ்சு திங்கலட்டி காந்தி" என்றான். அவள் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "நாந்தான் தின்னேன். ரெண்டு பழம், இந்தா, இங்கன நின்னு. அவரு கேட்டாரு, ரெண்டு சுளை கேட்டாரு, வீட்டுல இல்லன்னு சொல்லிட்டு வந்து நான் தின்னேன். என் கையை மோந்து பாத்துட்டாரு. தோலையாவது குடுன்னாரு. மோந்து பாக்கத்தான் குடுத்தேன், நீ தலையணைக்கு அடியில பாத்தது அந்தத் தோலுதான். உன் பழத்தால ஒண்ணும் ஆகல. நீ ஒண்ணும் பண்ணல. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன், நான் ஒரு கோழை, என்னை நீ என்ன வேணாலும் சொல்லு." எல்லாவற்றுக்கும் தயாராக நின்றான். அறைவாள், சரி. ரெண்டு வருஷம் என்னை வேக வச்சியேடா என்று கத்துவாள், சரி. இந்த வீட்டுப் படி இனி மிதிக்க மாட்டேன் என்பாள், அதற்கும் சரி. எதைச் சொன்னாலும் கடைசியில் அவள் முகத்தில் ஒரு பாரம் இறங்கும், அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று அந்த முகத்தையே பார்த்தான். காந்தி தம்ளரை மேடையில் வைத்தாள். தொட்டியைப் பார்த்தாள், தட்டில் கிடந்த தோலைப் பார்த்தாள். இறங்க வேண்டியது இறங்கவில்லை, இருந்ததும் ஏதோ போய்விட்ட மாதிரி இருந்தது அந்த முகம்.

"நான் கொன்னுட்டேன்னு அழுவேன் அண்ணே" என்றாள், மெதுவாக, அவனிடம் சொல்கிற மாதிரிகூட இல்லாமல். "தெனம் அழுவேன். அழுது முடிச்சுட்டு, போகட்டும், ஆசைப்பட்டதைத் தின்னுட்டுத்தான போனாரு, நான் வாங்கிட்டு வந்ததைத்தான தின்னுட்டுப் போனாருன்னு நெனப்பேன். அதை நெனச்சாத்தான் தூக்கம் வரும். ரெண்டு வருசமா அதை நெனச்சுத்தான் தூங்குதேன்." தோலை எடுத்தாள். விட்ட பழம், தொடக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது, மடக்கிப் பிதுக்கினாள், அப்பா பிதுக்கின மாதிரியே. பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"ஒரு சுளைகூடவா குடுக்கல?"